ஹுல்ட்ஸ்ஃப்ரெட் – வெஸ்டர்விக் நேரோ கேஜ் ரயில் பாதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்வீடனின் தென்கிழக்கில், காட்டுக்கும் ஏரிகளுக்கும் நடுவே, சுமார் 70 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நேரோ கேஜ் பாதை, அதாவது இரு தண்டவாளங்களுக்கும் இடையே அகலம் குறைந்த பாதை, இன்னும் இருக்கிறது. ரயில் வரலாறு எழுதுகிறவர்கள் பெரிய வழித்தடங்களைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதுவார்கள். இந்த மாதிரி கிளைப் பாதைகளுக்கு ஒரு வரி கிடைத்தாலே அதிகம். ஆனால் ஒரு நாட்டின் கிராமங்கள் எப்படி வாழ்ந்தன என்பது கிளைப் பாதைகளில்தான் தெரியும் என்பது என் உறுதியான எண்ணம். இந்தப் பாதையைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்குப் பதில்கள் இங்கே.

இந்தப் பாதை சரியாக எங்கே இருக்கிறது?

ஸ்மோலாண்ட் என்ற பகுதியில். ஸ்வீடன் வரைபடத்தில் ஸ்டாக்ஹோமிலிருந்து பால்டிக் கடற்கரையை ஒட்டியே தெற்கே இறங்கினால் வெஸ்டர்விக் என்ற பழைய துறைமுக ஊர் வரும். அங்கிருந்து தென்மேற்காக உள்நாட்டுக்குள் போனால் ஹுல்ட்ஸ்ஃப்ரெட். இந்த இரண்டு ஊர்களையும் இணைப்பதுதான் நம் பாதை. நடுவில் வெர்கெபெக், ஆங்கர்ஸ்ரும், டோட்டெபு, வேனா என்று சின்னச் சின்ன நிலையங்கள்.

பிறகு இதே கேஜில் தெற்கே விர்செரும், ஓசெடா வழியாக வெக்ஷோ நகரம் வரைக்கும் பாதை நீண்டது. வெக்ஷோவிலிருந்து ஓசெடா வரையிலான பகுதி 1895-இல் வந்தது. ஓசெடாவையும் ஹுல்ட்ஸ்ஃப்ரெட்டையும் இணைக்கும் பகுதி 20-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் வந்தது. அதன் பிறகு வெக்ஷோவிலிருந்து கடற்கரை வரைக்கும் ஒரே கேஜில் போக முடிந்தது.

கடற்கரை ஊருக்கு அரசே ரயில் போட்டுத் தரவில்லையா?

இல்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. 1854-இல் ஸ்வீடன் நாடாளுமன்றம் முக்கிய வழித்தடங்களை அரசே கட்டுவது என்று முடிவு செய்தது. அந்த வேலையைத் தலைமையேற்று நடத்தியவர் நில்ஸ் எரிக்சன் என்ற பொறியாளர். அவர் முக்கியப் பாதைகளைக் கடற்கரையை விட்டு விலக்கி, வேண்டுமென்றே உள்நாட்டின் வழியாகக் கொண்டுபோனார். போர் வந்தால் எதிரிக் கப்பலிலிருந்து தாக்க முடியாத தூரத்தில் தண்டவாளம் இருக்க வேண்டும் என்பது ஒரு காரணம். ஏற்கெனவே படகும் கப்பலும் இருக்கிற இடத்தில் ரயிலுக்கு அவசரமில்லை என்பது இன்னொன்று.

இதனால் பால்டிக் கரையிலிருந்த பழைய ஊர்கள் பலவும் ஒதுங்கிப்போயின. குளிர்காலத்தில் கடல் உறைந்தால் கப்பலும் இல்லை. சரி, அரசு தராவிட்டால் நாமே போட்டுக்கொள்வோம் என்று அந்த ஊர்கள் கிளம்பின. கிளைப் பாதைகளைத் தனியார் கம்பெனிகள் கட்டலாம் என்று அரசு விட்டிருந்தது. ஊராட்சி, வியாபாரிகள், இரும்பாலை முதலாளிகள், காடு வைத்திருந்த நிலக்கிழார்கள் என எல்லோரும் பங்கு போட்டு ஸ்வீடன் முழுவதும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பாதை கட்டினார்கள்.

வெஸ்டர்விக்குக்கு ஒரு போட்டியும் இருந்தது. தெற்கே ஓஸ்கர்ஷம்ன் என்ற துறைமுகம், உள்நாட்டில் நெஷோ என்ற சந்திப்பிலிருந்து 1874-இலேயே ரயில் இணைப்பு வாங்கிவிட்டது. அந்தப் பாதை ஹுல்ட்ஸ்ஃப்ரெட் வழியாகப் போனது. அப்படியென்றால் ஹுல்ட்ஸ்ஃப்ரெட் சுற்றுவட்டார மரமெல்லாம் ஓஸ்கர்ஷம்ன் துறைமுகத்துக்கே போய்விடும். வெஸ்டர்விக் சும்மா இருக்க முடியுமா? 1879-இல் ஹுல்ட்ஸ்ஃப்ரெட் – வெஸ்டர்விக் பாதை திறக்கப்பட்டது. வடக்கே யோத்தா கால்வாயின் கரையிலுள்ள நூர்ஷோல்மிலிருந்து வெஸ்டர்விக் வரும் இன்னொரு பாதையும் அதே ஆண்டுதான் திறக்கப்பட்டது. ஒரே ஆண்டில் ஒரு சின்ன துறைமுகத்துக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் ரயில்.

அந்தக் காலத்து ஸ்மோலாண்டின் நிலைமையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கல்லும் மேடும் நிறைந்த, விளைச்சல் குறைந்த மண். 1867 முதல் 1869 வரை கடும் பஞ்சம். ஸ்வீடனிலிருந்து 1930 வரைக்கும் சுமார் 13 லட்சம் பேர் அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்தார்கள். அவர்களை அதிகம் அனுப்பிய பகுதிகளில் ஸ்மோலாண்டும் ஒன்று. பஞ்சம் முடிந்து பத்து ஆண்டுகளுக்குள் இப்படியொரு மண்ணில் ஊர்க்காரர்கள் பணம் திரட்டி ரயில் போட்டார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வியப்பாக இருக்கிறது.

கேஜ் 891 மில்லிமீட்டர் என்கிறார்களே, இது என்ன கணக்கு?

மூன்று அடி. ஆனால் ஸ்வீடன் அடி. மெட்ரிக் முறை வருவதற்கு முன் அங்கே புழங்கிய அடி சுமார் 297 மில்லிமீட்டர். அதை மூன்றால் பெருக்கினால் 891 வரும். மீட்டர் கேஜைவிட 109 மில்லிமீட்டர் குறுகலானது.

ஸ்வீடனில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பாதை இந்த அளவில் இருந்தது. கோட்லாண்ட் தீவில் 1878 முதல் 1960 வரை ஓடிய ரயிலும் இதே கேஜ்தான். இதுதவிர 1067, 802, 600 மில்லிமீட்டர் கேஜ்களிலும் பாதைகள் இருந்தன. ஒவ்வொரு கம்பெனியும் தன் பணப்பைக்கும் பக்கத்துப் பாதைக்கும் ஏற்ற அளவைத் தேர்ந்தெடுத்துக்கொண்டது.

எதற்குக் குறுகிய கேஜ்? பெரிய கேஜே போட்டிருக்கலாமே?

பணம்தான் காரணம். குறுகிய பாதை என்றால் கூர்மையான வளைவுகள் போடலாம். பாறை வந்தால் வெடிவைத்துப் பிளக்காமல் சுற்றிக்கொண்டு போகலாம், ஏரி வந்தால் கரையோரமாக வளைந்து போகலாம். கரை அகலம் குறைவு, பாலம் சின்னது, தண்டவாளம் எடை குறைந்தது, ஸ்லீப்பர் கட்டை குட்டையானது. பெட்டியும் இன்ஜினும்கூட விலை குறைவு. ஸ்மோலாண்டின் நிலப்பரப்பில் பாறையும் ஏரியும் மாறி மாறி வரும் என்பதால் இந்த மிச்சம் சின்னத் தொகை இல்லை.

ஆனால் அந்த மிச்சத்துக்குத் தினமும் வட்டி கட்ட வேண்டியிருந்தது. ஹுல்ட்ஸ்ஃப்ரெட்டில் வந்து சேரும் நெஷோ – ஓஸ்கர்ஷம்ன் பாதை 1435 மில்லிமீட்டர், அதாவது ஸ்டாண்டர்ட் கேஜ். இந்த வண்டி அந்தப் பாதையில் போகாது, அந்தப் பெட்டி இந்தப் பாதையில் வராது. வேனாவிலிருந்து ஸ்டாக்ஹோமுக்கு ஒரு பெட்டி பலகை அனுப்பினால், ஹுல்ட்ஸ்ஃப்ரெட்டில் பலகை ஒவ்வொன்றையும் கையால் இறக்கி அடுத்த பெட்டியில் ஏற்ற வேண்டும். நேரம், கூலி, உடையும் சரக்கு என்று எல்லாச் செலவும் அதில் அடங்கும். பெரிய பெட்டியை அப்படியே தூக்கி வைத்துக்கொண்டு போகும் தாழ்வான சுமப்பு வண்டிகளை ஸ்வீடன் நேரோ கேஜ் பாதைகள் பின்னாளில் கொண்டுவந்தன. அது ஓரளவு உதவியது, மெதுவாகத்தான் போக முடியும்.

இந்தப் பாதையின் கதை முழுவதும் இந்த ஒரு முடிவிலிருந்தே பிறக்கிறது. 1870-களில் பணமில்லாமல் எடுத்த முடிவுதான் அதை நூறு ஆண்டுகளுக்குப் பிறகு நிறுத்தவும் வைத்தது, இன்றைக்கும் அப்படியே நிற்கவும் வைத்திருக்கிறது. எப்படி என்று கீழே வரும்.

அந்த ரயிலில் என்னதான் போயிற்று?

முதலில் மரம். அறுத்த பலகை, விறகு, அப்புறம் இங்கிலாந்து நிலக்கரிச் சுரங்கங்களில் கூரை தாங்குவதற்கான முட்டுக்கட்டைகள். ஸ்மோலாண்டுக் காட்டுப் பைன் மரங்கள் ஆங்கிலேயச் சுரங்கங்களுக்குள் போய் நின்றன. பதிலுக்கு அதே இங்கிலாந்திலிருந்து நிலக்கரி கப்பலில் வந்து, இன்ஜின்களின் அடுப்புக்குள் போயிற்று.

பிறகு இரும்பாலைச் சரக்கு, பால் பண்ணைக்குப் போகும் பால் கேன்கள், தபால், மாடு, தெற்கே விர்செரும் பக்கத்து மரச்சாமான்கள். விர்செரும் அந்தக் காலத்தில் மேசை நாற்காலிப் பட்டறைகளுக்குப் பேர்போன ஊர்.

இந்தக் கிளைப் பாதைகளில் பெரும்பாலும் ஓடியது மிக்ஸட் வண்டி. முன்னால் சரக்குப் பெட்டிகள், பின்னால் ஒன்றிரண்டு பயணிகள் பெட்டிகள். ஒவ்வொரு நிலையத்திலும் இன்ஜின் கழன்று போய், ஒரு பெட்டியைச் சைடிங்கில் விட்டு, இன்னொன்றை இழுத்து மாட்டிக்கொண்டு திரும்பும். அதுவரை பயணிகள் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் ஊர்ச் செய்தி கைமாறும்.

ஆங்கர்ஸ்ரும் என்ற பெயர் எங்கேயோ கேட்டது போல இருக்கிறதே?

சமையலறைச் சாமான்களில் ஆர்வமுள்ளவர் என்றால் கேட்டிருப்பீர்கள். மாவு பிசையும் ‘அசிஸ்டென்ட்’ மிக்சர் இந்த ஊரின் பெயரோடுதான் இன்று உலகமெங்கும் விற்கிறது. எலக்ட்ரோலக்ஸ் கம்பெனி 1940-இல் அறிமுகப்படுத்திய எந்திரம் அது. ஆல்வர் லென்னிங் என்பவர் வடிவமைத்தார். கிண்ணம் சுழலும், மேலே உருளை நிலையாக நிற்கும். அதன் தயாரிப்பு பிற்பாடு ஆங்கர்ஸ்ருமுக்கு வந்து இன்றும் அங்கேயே நடக்கிறது.

ஊரின் தொழில் மரபு அதைவிடப் பழையது. இங்கே இரும்பாலை தொடங்கிய ஆண்டு 1655. ரயில் வருவதற்கு இரண்டு நூற்றாண்டுக்கு மேலாகவே இரும்பு உருக்கி, மாட்டுவண்டியிலும் குளிர்காலத்தில் பனிச்சறுக்கு வண்டியிலும் கடற்கரைக்கு அனுப்பிக்கொண்டிருந்த ஊர். குளிர்காலத்தில் உறைந்த ஏரிமேல் வண்டி ஓட்டுவதுதான் அங்கே சுலபமான போக்குவரத்து. ஆலைகள் பலவும் அதை நம்பித்தான் ஆண்டுக் கணக்குப் போட்டன. ரயில் வந்த பிறகு எந்த மாதமானாலும் சரக்கு அனுப்பலாம் என்றாயிற்று. இந்தப் பாதைக்கு நிரந்தரமான வாடிக்கை யார் என்று கேட்டால் நான் ஆங்கர்ஸ்ருமைத்தான் சொல்வேன்.

ரயில் திறந்த 1879-ஆம் ஆண்டில் வேறு ஏதோ முக்கியமாக நடந்ததாமே?

ஆம். 1879 ஜனவரி 1 முதல் ஸ்வீடன் முழுவதற்கும் ஒரே நேரம் என்று சட்டப்படி ஆனது. அதற்கு முன்பு ஒவ்வொரு ஊருக்கும் சூரியனைப் பார்த்துத் தனி நேரம். கிழக்கே உள்ள ஊரில் மதியம் முன்னால் வரும், மேற்கே பின்னால் வரும். ரயில்கள் மட்டும் கோத்தன்பர்க் நகரத்தின் நேரப்படி ஓடின. வண்டி பிடிக்க வேண்டுமானால் ஊர்க் கடிகாரத்தை ஒரு கணக்கு போட்டுப் பார்க்க வேண்டும்.

கோத்தன்பர்க் நாட்டின் மேற்குக் கரையில் இருப்பதால் ரயில் நேரம் எப்போதுமே ஊர் நேரத்துக்குப் பின்னால்தான் இருக்கும். ஊர்க் கடிகாரத்தை நம்பி வந்தவர் சீக்கிரம் வந்து காத்திருப்பாரே தவிர வண்டியைத் தவறவிட மாட்டார். ஆனால் நம் பாதை திறந்தபோது இந்தக் குழப்பமெல்லாம் தீர்ந்திருந்தது. முதல் நாளிலிருந்தே நாட்டு நேரம்தான்.

பாதையில் யாரெல்லாம் வேலை செய்தார்கள்?

நிலையத்துக்கு ஒரு ஸ்டேஷன் மாஸ்டர். பெரும்பாலும் நிலையக் கட்டடத்தின் மாடியிலேயே குடும்பத்தோடு குடியிருப்பார். கீழே டிக்கெட் ஜன்னல், காத்திருப்பு அறை, தந்தி. மேலே தொட்டில், அடுப்பு. ஊரில் பாதிரியாருக்கும் ஆசிரியருக்கும் அடுத்தபடியாக அவருக்குத்தான் மரியாதை. ஒற்றைப் பாதை என்பதால் எதிர் வண்டி வருகிறதா என்று அடுத்த நிலையத்தோடு பேசி உறுதி செய்த பிறகே வண்டியை விடுவார்.

எனக்கு அதிகம் பிடித்தவர்கள் பாதைக் காவலர்கள். நம் ஊரில் கேங்மேன் என்கிறோமே, அந்த வேலைதான். பாதையோரமாக எண் போட்ட குட்டி வீடுகள் கட்டி, ஆளுக்கு இத்தனை கிலோமீட்டர் என்று பிரித்துவிட்டிருந்தார்கள். காவலர் தன் பகுதியை நடந்தே சுற்றிப் பார்ப்பார். கையில் நீளமான சுத்தியலும் திருகுச் சாவியும் இருக்கும். ஆணி தளர்ந்திருந்தால் அடித்து இறுக்குவார், கட்டை உளுத்திருந்தால் குறித்து வைப்பார். வசந்தத்தில் பனி உருகும்போது மண் ஊறி, தண்டவாளம் ஒரு பக்கம் எழும்பி நிற்கும். அப்போது மெல்லிய மரத்துண்டுகளைச் செருகிச் சமன் செய்ய வேண்டும். வேனிலில் இன்ஜின் பொறி பட்டுக் காடு தீப்பிடித்தால் அணைக்க ஓட வேண்டும்.

லெவல் கிராசிங் கேட்டை மூடித் திறந்தது பல இடங்களில் அவர் மனைவி. சம்பளம் சொற்பம். ஆனால் வீடும், ஒரு துண்டு உருளைக்கிழங்குத் தோட்டமும், ஒன்றிரண்டு ஆடோ மாடோ வளர்க்க இடமும் கிடைத்தன. குடும்பம் முழுவதும் சேர்ந்து ரயிலைக் காப்பாற்றியது என்று சொன்னால் மிகையில்லை. கம்பெனிக் கணக்கில் ஒருவர் பெயர்தான் இருந்தது.

அரசு எப்போது எடுத்துக்கொண்டது?

1939-இல் தனியார் ரயில்களை நாட்டுடைமை ஆக்க நாடாளுமன்றம் முடிவெடுத்தது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பெரும்பாலானவை ஒவ்வொன்றாக அரசு ரயில்வேக்கு மாறின. இந்தப் பகுதிப் பாதைகளும் அப்படித்தான் 1940-களில் போயின. கம்பெனிகளில் பல ஏற்கெனவே பாதி திவாலாகி இருந்தன. பேருந்தும் லாரியும் 1920-களிலேயே அவற்றின் வருமானத்தைக் கடிக்க ஆரம்பித்திருந்தன.

இரண்டாம் உலகப் போர்க் காலம் மட்டும் விதிவிலக்கு. ஸ்வீடன் போரில் இறங்கவில்லை. ஆனால் பெட்ரோலும் டயரும் கிடைக்கவில்லை. கார்களும் பேருந்துகளும் பின்னால் கரிவாயு அடுப்பைச் சுமந்துகொண்டு திக்கித் திணறி ஓடின. நிலக்கரி குறைந்ததால் நீராவி இன்ஜின்களில் விறகைத் திணித்தார்கள். காட்டுக்குள் ஓடும் பாதைக்கு விறகுக்குப் பஞ்சமா? நின்றுபோயிருந்த கூட்டமெல்லாம் ரயிலுக்குத் திரும்பி வந்தது. கிளைப் பாதைகளின் கடைசி நல்ல காலம் அது.

ரயில்பஸ் என்கிறார்களே, அது ரயிலா பஸ்ஸா?

இரண்டுக்கும் நடுவில் ஒன்று. பஸ் போன்ற இலகுவான உடம்பு, தரைக்கு அடியில் டீசல் இன்ஜின், கீழே ரயில் சக்கரம். ஓட்டுநர் ஒருவரே ஓட்டி நடத்திவிடலாம். நீராவி இன்ஜினுக்கு ஓட்டுநர், கரி அள்ளுபவர், வண்டிக்குக் கார்டு என்று மூன்று பேர் வேண்டிய இடத்தில் செலவு ஒரேயடியாகக் குறைந்தது. உமியோ நகரத்தின் ஹில்டிங் கார்ல்சன் பட்டறை 1930-களிலேயே இதைச் செய்ய ஆரம்பித்துவிட்டது. 1950-களில் அரசு ரயில்வே நாடு முழுவதும் நூற்றுக்கணக்கில் வாங்கியது. 891 கேஜுக்கென்று தனி ரகமும் வந்தது.

பிரேக் விட்டதும் ‘டக் டக்’ என்று சத்தமிட்டுக் கிளம்பும், காலுக்கு அடியில் அதிரும், ஜன்னல் கண்ணாடி கூடவே நடுங்கும். சொகுசு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் ரயில்பஸ் வந்திராவிட்டால் இந்தப் பாதையில் பயணிகள் சேவை 1950-களிலேயே முடிந்திருக்கும்.

வெஸ்டர்விக் அருகே மூன்று தண்டவாளம் ஓடுகிறதாமே?

ஓடுகிறது. இந்தப் பாதையில் பார்க்க வேண்டிய ஒரே ஓர் இடம் எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

வடக்கே நூர்ஷோல்மிலிருந்து வெஸ்டர்விக் வரும் பாதையும் முதலில் 891 கேஜ்தான். 1964-இல் அதை லின்ஷோப்பிங் நகரத்திலிருந்து வெஸ்டர்விக் வரைக்கும் ஸ்டாண்டர்ட் கேஜாக அகலப்படுத்தினார்கள். ஹுல்ட்ஸ்ஃப்ரெட் பாதையை அகலப்படுத்தவில்லை. அந்தச் செலவுக்கு இது தகுதியில்லை என்று கணக்கு சொன்னது. ஆனால் இரண்டு பாதைகளும் வெஸ்டர்விக்குக்கு வெளியே யென்னி என்ற இடத்தில் சேர்ந்து, அங்கிருந்து ஒரே வழியில் ஊருக்குள் வருகின்றன. இரண்டு வண்டிகளும் ஓட வேண்டும். என்ன செய்வது? மூன்றாவது தண்டவாளத்தைப் போட்டார்கள்.

நின்று பார்த்தால் புரியும். வெளிப்பக்கத்தில் இரண்டு தண்டவாளங்கள், நடுவில் 1435 மில்லிமீட்டர். அவற்றில் ஒன்றிலிருந்து 891 மில்லிமீட்டர் தள்ளி உள்ளே மூன்றாவது. ஒரு பக்கத் தண்டவாளம் இருவருக்கும் பொது. அதன் தலை மட்டும் இரண்டு வகைச் சக்கரமும் பட்டுத் தேயும். பெரிய வண்டி கட்டையின் நடுவில் போகும், சின்ன வண்டி ஒரு பக்கமாக ஒதுங்கிப் போகும். வண்டி தடம் மாறும் பாய்ண்ட் வரும் இடத்தில்தான் சிக்கலே. இரண்டு கேஜும் பிரிய வேண்டிய இடத்தில் எத்தனை நாக்குத் தண்டவாளம், எத்தனை இடைவெளி என்று எண்ணி முடிப்பதற்குள் கண் சோர்ந்துவிடும். பெட்டி கோக்கும் அமைப்பும் வேறு. ஸ்டாண்டர்ட் பெட்டிக்கு இரு ஓரத்திலும் மோதுதாங்கி, நேரோ கேஜ் பெட்டிக்கு நடுவில் ஒன்றே ஒன்று. பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தினால் இரண்டும் சேரவே சேராது.

ஒரு பாதையை நவீனமாக்குவது, இன்னொன்றை விட்டுவிடுவது என்று 1964-இல் எடுத்த முடிவு இரும்பாகவே அங்கே படுத்திருக்கிறது. அகலப்படுத்திய பாதையில் இன்றும் தினமும் பயணிகள் ரயில் ஓடுகிறது.

பயணிகள் சேவை ஏன் நின்றது? எப்போது?

1984-இல் நின்றது. வெக்ஷோவுக்கும் வெஸ்டர்விக்குக்கும் இடையிலான அந்தச் சேவைதான் ஸ்வீடன் அரசு ரயில்வே நடத்திய கடைசி நேரோ கேஜ் பயணிகள் சேவை.

காரணத்தைத் தேட அதிகம் தோண்ட வேண்டியதில்லை. 1950-இல் ஸ்வீடனில் இருந்த கார்கள் சுமார் 2.5 லட்சம். 1960-இல் அது 12 லட்சத்தை ஒட்டிவிட்டது. சாலைகள் நேராயின, தாரிட்டன. வளைந்து வளைந்து ஏரிக்கரையாகப் போகும் ரயில்பஸ்ஸைவிட நேர்ச்சாலையில் கார் வேகமாகப் போய்விடும். நிலையமோ சில ஊர்களில் வீடுகளிலிருந்து தள்ளி இருந்தது, பேருந்து வாசலுக்கே வந்தது.

அதற்கு மேல் 1963-ஆம் ஆண்டுப் போக்குவரத்துக் கொள்கை. ஒவ்வொரு போக்குவரத்தும் தன் செலவைத் தானே ஈட்ட வேண்டும் என்பது அதன் அடிப்படை. நட்டத்தில் ஓடும் ரயில் பாதைகளைத் தனியாகப் பிரித்து, அவற்றுக்கு மானியம் என்று ஒதுக்கினார்கள். மானியப் பட்டியலில் பெயர் ஏறிய நாளிலிருந்தே ஒவ்வொரு வருடமும் ‘இதை இன்னும் ஏன் ஓட்டுகிறோம்?’ என்ற கேள்வி எழும். பராமரிப்பைக் குறைப்பார்கள், வேகம் குறையும், பயணி குறைவார், பிறகு பயணி இல்லை என்று காட்டி மூடுவார்கள். ஸ்வீடனில் மட்டுமில்லை, கிளைப் பாதைகள் செத்த எல்லா நாட்டிலும் வரிசை இதுதான். அந்தக் கணக்கில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும், கார் ஓட்டத் தெரியாத முதியவர்களும், உரிமம் இல்லாதவர்களும் ஓர் எண்ணாகக்கூட வரவில்லை என்பது என் வருத்தம். பேருந்து அவர்களில் பலரை ஏற்றிக்கொண்டது உண்மைதான். ஆனால் ரயில் நின்ற ஊரில் கடையும் தபால் நிலையமும் நிலையத்தைச் சுற்றி உயிரோடு இருந்த காலம் திரும்பவில்லை.

மூடிய பிறகு தண்டவாளத்தை ஏன் பிடுங்கவில்லை?

தெற்குப் பகுதியில் பல இடங்களில் பிடுங்கிவிட்டார்கள். ஆனால் ஹுல்ட்ஸ்ஃப்ரெட்டுக்கும் வெஸ்டர்விக்குக்கும் இடையில் மிச்சம் இருந்ததைக் காப்பாற்ற உள்ளூர் ரயில் ஆர்வலர்கள் சங்கம் அமைத்தார்கள். ரயில்பஸ், பெட்டி, நிலையக் கட்டடம், பாய்ண்ட் எல்லாம் சேர்த்து ஒரு முழு அமைப்பாகவே வைத்திருக்க வேண்டும் என்பது அவர்கள் பிடிவாதம். இன்று இந்தப் பாதை சட்டப் பாதுகாப்புப் பெற்ற வரலாற்றுச் சின்னம்.

அகலப்படுத்தும் செலவுக்குத் தகுதியில்லை என்று 1964-இல் ஒதுக்கினார்கள் இல்லையா? அதனால்தான் இங்கே 1879-இன் வளைவுகள், சின்னப் பாலங்கள், குறுகிய கரை எல்லாம் மாறாமல் இருக்கின்றன. அகலப்படுத்தியிருந்தால் நிச்சயமாக ரயில் ஓடியிருக்கும், ஆனால் இந்தப் பாதை இருந்திருக்காது. 70 கிலோமீட்டர் நீளத்துக்குத் தொடர்ச்சியாக ஒரு நேரோ கேஜ் பாதை மிஞ்சுவது அரிது. மற்ற இடங்களில் அருங்காட்சியக ரயில் என்றால் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் மிஞ்சியிருக்கும்.

இவ்வளவு நீளத்தைத் தன்னார்வலர்கள் பராமரிப்பது லேசான காரியமில்லை. கட்டைகள் உளுக்கின்றன. புல்லும் பிர்ச் கன்றும் வருடா வருடம் கரைமேல் ஏறுகின்றன. புயலில் மரம் குறுக்கே விழுகிறது. பழைய ரயில்பஸ்ஸுக்கு உதிரிப் பாகம் கடையில் கிடைக்காது, பட்டறையில் கடைந்து செய்ய வேண்டும்.

891 கேஜில் இன்றும் அன்றாட ரயில் எங்காவது ஓடுகிறதா?

ஒரே இடத்தில். ஸ்டாக்ஹோமின் வடகிழக்குப் புறநகர்களுக்குப் போகும் ரோஸ்லாக்ஸ்பானா. 1885-இல் தொடங்கிய பாதை. பின்னாளில் மின்மயமாகி, இன்று வேலைக்குப் போகிறவர்களைச் சுமக்கும் புறநகர் ரயிலாக இருக்கிறது. அதே குறுகிய கேஜ், அதே பழைய அளவு, ஆனால் பக்கத்தில் பெருநகரம் வளர்ந்ததால் பிழைத்துக்கொண்டது. பழைய வண்டிகளைப் பார்க்க வேண்டுமானால் உப்சாலாவிலிருந்து ஃபாரிங்கே வரைக்கும் 33 கிலோமீட்டர் ஓடும் லென்னாகாட்டன் என்ற அருங்காட்சியக ரயிலும், கோத்தன்பர்க்குக்கு வடகிழக்கே ஆன்டென் – கிரெஃப்ஸ்னெஸ் ரயிலும் இருக்கின்றன. இரண்டும் 891 தான்.

இன்று போய்ப் பார்க்க முடியுமா?

முடியும். லின்ஷோப்பிங்கிலிருந்து இரண்டு கிளைப் பாதைகள் தெற்கே இறங்குகின்றன. ஒன்று வெஸ்டர்விக்குக்கு. இன்னொன்று விம்மர்பி, ஹுல்ட்ஸ்ஃப்ரெட் வழியாகக் கால்மருக்கு. இரண்டிலும் மின்கம்பி கிடையாது, டீசல் வண்டிதான். ஒன்றில் இறங்கி மற்றதில் ஏறித் திரும்பினால் நம் பாதையின் இரு முனைகளையும் பார்த்துவிடலாம்.

அருங்காட்சியக ரயில்பஸ் கோடையில் மட்டும் ஓடும். எந்த ஆண்டு எந்தப் பகுதி திறந்திருக்கும் என்பது பாலத்தின் நிலையையும் பராமரிப்பு வேலையையும் பொறுத்து மாறுவதால், கிளம்புவதற்கு முன் அந்த ஆண்டின் கால அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். நேரம் குறைவாக இருந்தால் ஆங்கர்ஸ்ருமுக்கும் வெஸ்டர்விக்குக்கும் இடைப்பட்ட பகுதியைத் தேர்ந்தெடுங்கள். ஏரி, ஆலை ஊர், கடலை நெருங்கும் வழி, மூன்று தண்டவாளம் எல்லாம் அந்தப் பக்கத்தில்தான்.

மிதித்து ஓட்டும் டிராலியில் போகலாமா?

ரயில் ஓடாத பழைய பாதைகளில் டிராலி வாடகைக்கு விடுவது ஸ்வீடன் முழுவதும் பழக்கம். சைக்கிள் போல மிதிக்க வேண்டும், இரண்டு பேர் உட்காரலாம். இந்தப் பழைய வெக்ஷோ – வெஸ்டர்விக் வழித்தடத்தின் சில பகுதிகளிலும் அது உண்டு. ஒற்றைப் பாதை என்பதால் எதிரே இன்னொரு டிராலி வந்தால் ஒருவர் இறங்கித் தன் வண்டியைத் தூக்கிப் பக்கத்தில் வைக்க வேண்டும், அதற்குள் பேச்சு வளர்ந்துவிடும். ஏற்றம் தெரியாத அளவுக்கு மெதுவாகவே ஏறும், ஆனால் கால் கணக்கு வைத்துக்கொள்ளும். சாலையைக் கடக்கும் இடங்களில் கார்களுக்குத்தான் முன்னுரிமை, இறங்கிப் பார்த்துத் தள்ளிக்கொண்டு கடக்க வேண்டும். ஜூலையில் போனால் கொசு விரட்டி எடுத்துப் போங்கள். தண்டவாளத்தோரம் காட்டு ஸ்ட்ராபெரி பழுத்திருக்கும், பறித்துத் தின்ன யாருடைய அனுமதியும் வேண்டாம்.